கரையில் நின்றவர் யார்?



மார்கழியும் தையும் நம் பக்கத்தில் பனிக்காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளங்கள் அப்போது கரைமுட்டக் கிடக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவிலே பூமி தன் சூட்டை வானத்திற்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. குளத்து நீரோ அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. அந்த நீரிலிருந்து எழும்புகிற ஈரம், மேலே நிற்கும் குளிர்ந்த காற்றில் பட்டு மிக நுண்ணிய துளிகளாகி, தண்ணீரின்மேல் வெள்ளைத் துப்பட்டி விரித்ததுபோலப் படர்ந்து நிற்கிறது. அதற்கு அப்பால் குற்றால மலை. இப்பால் இரண்டொரு பனைமரம். சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டால் எல்லாம் போய்விடும்.

இந்தக் காட்சியைப் படம் பிடிப்பதற்கென்று வாலிபர்கள் கேமராவும் கையுமாய் விடியுமுன் புறப்படுகிறார்கள். ஐந்தருவிக்குப் போகும் வழியிலுள்ள வெண்ணமடைக் குளத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. கீழப்பாவூர், சுந்தரபாண்டியபுரம் பக்கத்துக் குளக்கரைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. “சாமி, பூசைக்கு எழுப்பினால் புரண்டு படுக்கிற பிள்ளை, இதற்கு மட்டும் நாலு மணிக்கு எழும்பிப் போகிறானே!” என்று தாய்மார் முறையிடுகிறார்கள். முறையீட்டில் நியாயமுண்டு. ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்க வரவில்லை. அவர்களிடமிருந்து ஒரு பாடம் படித்துக்கொள்ளவே உங்களை அழைக்கிறேன். ஏனெனில் நமது ஆண்டவரும் ஒரு விடியற்காலையில், ஒரு குளக்கரையில் வந்து நின்றார். அவருடைய சொந்தச் சீடர்களே அவரை இன்னாரென்று அறியவில்லை.

அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் 21-ம் அதிகாரத்தை வீட்டிலே எடுத்து வாசியுங்கள். திபேரியாக் கடல் என்று அதற்குப் பெயர். கடல் என்றாலும் அது நன்னீர் ஏரிதான். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். இராயப்பரும், தோமையாரும், நத்தானியேலும், செபெதேயுவின் மக்களும், வேறு இருவருமாக ஏழுபேர் இரா முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் களைத்திருந்தார்கள். பொழுது புலரும் நேரத்தில் சேசுநாதர் கரையில் நின்றார். தூரமோ இருநூறு முழம். ஆயினும் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று அந்த ஏரியில் பனி இருந்ததாகச் சுவிசேஷகர் சொல்லவில்லை. பனி நீரின்மேல் இருக்க வேண்டியதில்லை, பிரியமானவர்களே. கண்ணிலே இருந்தால் போதும். அவர்கள் கண்ணில் துக்கப் பனி இருந்தது. இராயப்பர் கண்ணிலோ வெட்கப் பனியும் இருந்தது. தம் குருவை மூன்றுமுறை அறியேன் என்று மறுதலித்தவர் அல்லவா அவர்?

இப்போது குளக்கரைக்குத் திரும்புவோம். போட்டோ பிடிக்கிறவர்கள் அநுபவத்தில் அறிந்த இரண்டு சங்கதிகளை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, நிற்க வேண்டும். 1838-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்திலே தாகேர் என்பவர் தம் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துக் கருவியில் ஒரு படம் பதிய பல நிமிஷங்கள் செல்லும். வண்டிகளும் குதிரைகளும் ஜனங்களுமாக நெருக்கம் மிகுந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறிச்சென்று கிடக்கிறது! ஓடினவர், நடந்தவர் ஒருவரும் பதியவில்லை. ஓரத்தில் ஒரு மனிதன் மட்டும் தன் பாதரட்சைக்கு மெருகு போடக் கொடுத்து அசையாமல் நின்றான், அவன் பதிந்தான். மனிதருடைய உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. ஓடுகிறவன் பதிவதில்லை, நிற்கிறவனே பதிகிறான். நாமும் ஓட்டமாய் ஓடுகிறோம். பூசை முடியுமுன்னே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். நம் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர் யார், அவர் முகம் ஏன் வாடியிருந்தது என்று நம் மனதில் பதிவதற்கு நாம் எங்கே நின்றோம்?

இரண்டாவது, வெளிச்சத்தைத் தாராளமாய் விட வேண்டும். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. கண்முன் பனி வெள்ளையாய்ப் பரந்திருக்கும்போது அது ஏமாந்துபோகிறது. வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று எண்ணி, ஒளியைக் குறைத்துவிடுகிறது. அப்படியே விட்டால் படத்தில் பனி வெண்மையாக வராது. அடுப்புச் சாம்பல்போல அழுக்காய் வரும். ஆகவே பழகினவர்கள் கருவி சொல்வதைக் கேட்பதில்லை. அது கேட்கிறதைவிட அதிக வெளிச்சம் விடுகிறார்கள். நம் நெஞ்சுக்குள்ளும் பிறரை அளக்கிற கருவி ஒன்று உண்டு. அதுவும் ஏமாறுகிறது. அண்டை வீட்டுக்காரனை அவன் இருக்கிறபடி அல்ல, ஒரு மாற்றுக் கறுப்பாகவே நமக்குக் காட்டுகிறது. பிறர்சிநேகம் என்பது என்ன? நம் அளவு கேட்கிறதைவிடக் கொஞ்சம் அதிக வெளிச்சம் அவனுக்கு விடுவதுதான்.

இனி, நடந்த ஒரு சம்பவம். இது நம் பங்கில் நடந்ததல்ல. யார், எவர் என்று தேட வேண்டாம். நான் முன்பு இருந்த ஊரில், இதே மலையடிவாரத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் பெயரில்லாமல் சொல்லச் சம்மதித்ததால் சொல்கிறேன்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர். அடுத்தடுத்த வீடு. நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு முடுக்கு. அந்த முடுக்கு யாருக்கு என்பதில் வழக்கு வந்தது. ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நல்லதற்கும் இல்லை, கெட்டதற்கும் இல்லை. முதலில் கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பிறகு தம்பி கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பங்குக் குருவான எனக்கு இது தெரியும். “போய்ப் பேசவேண்டும், போய்ப் பேசவேண்டும்” என்று சொல்லிக்கொண்டே காலத்தைப் போக்கினேன். அந்த முடுக்கிலே ஒருநாளும் கால் வைக்கவில்லை. இந்தக் குற்றத்தை உங்கள் முன்னும் ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் மகனுக்குப் போட்டோவில் பிரியம். ஒரு தை மாதத்து விடியற்காலையில் ஊருக்கு வெளியேயுள்ள குளத்தின் கரைமேல் முக்காலியை ஊன்றி நின்றான். ஒரே வெள்ளைப் பனி. வெறும் பனி படமாகாது. கண் தங்கிநிற்க அதில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்நேரம் முழங்கால் தண்ணீரில் ஒருவர் வந்து நின்று வலை வீசினார். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்காக மீன் பிடிக்கிறவர். முகம் தெரியவில்லை; உருவம் மட்டும் நிழலாய்த் தெரிந்தது. வலை வட்டமாய் விரிந்து பனிக்குள் விழுந்தது. பையன் தன்னை மறந்து படம் எடுத்தான். “யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும், இவரால்தான் என் படம் படமாயிற்று” என்று மனதுக்குள் வாழ்த்தினதாகவும் பின்னர் என்னிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திரையில் ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கிப் பார்த்தான். கடைசிப் படம், சூரியன் அவன் முதுகுப் பக்கம் கிளம்பி, பனி விலகத் தொடங்கினபோது எடுத்தது. வலைக்காரர் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. பார்த்தால், அவனுடைய சித்தப்பா!

பிரியமானவர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தெளிந்த வெயிலில் அவரைக் கண்டிருந்தால் அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான். ஒன்பது வருஷம் அப்படித்தான் செய்தான். பனி மறைத்தது சித்தப்பாவை அல்ல, பகையைத்தான். பகை மறைந்தபோது எஞ்சி நின்றது ஒரு மனிதர்; குளிரில் முழங்கால் தண்ணீரில் நின்று தன் பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிற ஒரு மனிதர். அவரை அவன் மனமார வாழ்த்தியும் விட்டான். சர்வேசுரன் நம்மைப் பார்க்கும்போது இப்படித்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு வித்தியாசம்: அவருக்கு முகமும் தெரியும், தெரிந்தும் வாழ்த்துகிறார்.

பையன் படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “சாமி, இதைப் போட்டிக்கு அனுப்பலாமா?” என்று கேட்டான். என் வாயில் தேவ கிருபையால் ஒரு வார்த்தை வந்தது: “படத்தில் இருக்கிறவரிடம் கேட்டாயா?” அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். அன்று சாயங்காலமே இருவருமாகப் புறப்பட்டு அந்த முடுக்கு வழியாய்ப் போய்க் கதவைத் தட்டினோம்.

சித்தப்பா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து, “வாங்க சாமி” என்றார். பையனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “வலை நல்லா விரிஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான். உள்ளே அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “சாப்பிட்டுத்தான் போகணும் சாமி” என்று எனக்கு இலை போட்டார்கள். பையன் வாசற்படியிலேயே நின்றான். நான் இலைமுன் உட்காரவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “அவனையும் உக்காரச் சொல்லுங்க” என்றார்.

முடுக்கு வழக்கு அன்றே தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வர இன்னும் பல மாதம் சென்றது. ஆனால் அந்த வருஷத்துக் கிறீஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குக் கோயிலின் பின்தூணருகே ஒருவர் நிற்பதைப் பீடத்திலிருந்து கண்டேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் நின்றான். அவன் கையில் கேமரா இல்லை.

திபேரியாக் கரையில் நடந்ததும் இதுதானே! சீடர்கள் கரையேறினபோது அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மீனும், கூட அப்பமும் இருந்தன. கரி நெருப்பை இராயப்பர் எப்படி மறந்திருப்பார்? பிரதான குருவின் முற்றத்தில் அப்படிப்பட்ட ஒரு நெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டுதானே தம் ஆண்டவரை மறுதலித்தார்? இப்போது ஆண்டவரே ஒரு நெருப்பை மூட்டி வைத்திருக்கிறார். குற்றம் விசாரிக்க அல்ல, சாப்பிடக் கூப்பிட. சாப்பாடு முடிந்த பிறகே, தம்மை நேசிக்கிறாயா என்று மூன்றுமுறை கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று நேசம். பழைய கணக்கு அங்கே தீர்ந்தது. முதலில் இலை, பிறகு பேச்சு. சமாதானத்துக்கு நமது ஆண்டவர் காட்டின வரிசை இது.

பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு நம்பேரில் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானம் செய்யப் போகும்படி அர்ச். மத்தேயு சுவிசேஷத்தில் ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார். நாம் சற்பிரசாதம் வாங்க வரிசையில் நிற்கிறோம். வரிசையில் இல்லாதவன் யார்? அவன் வராமற்போனதற்கு நாம் எவ்வளவு காரணம்? நம்முடைய அன்பு விடியற்காலைப் பனிபோலச் சீக்கிரம் மறைந்துபோகிறது என்று ஓசே தீர்க்கதரிசி மூலமாகச் சர்வேசுரன் வருத்தப்பட்டார். பகையோ பனிபோல மறைவதில்லை. நாம் எழும்பிப் போய்க் கதவைத் தட்டினால்தான் மறையும்.

ஆகையால் இந்த வாரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் மூன்று தீர்மானம் செய்துகொள்ளுங்கள். ஒன்று: இரவு ஜெபமாலைக்குப் பின், உங்களோடு பேச்சு முறிந்திருக்கிற ஒருவர் பெயரைச் சொல்லி, அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். சண்டையைப்பற்றி அப்போது பேச வேண்டாம். இரண்டு: அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வீட்டுப் படியை ஒருமுறை மிதியுங்கள். வார்த்தை வராவிட்டால் வேண்டாம். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். மூன்று: படம் பிடிக்கிற வாலிபர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. சனிக்கிழமை குளத்துக்குப் போங்கள். சர்வேசுரனுடைய சிருஷ்டிப்பின் அழகைத் தாராளமாய்ப் படம் எடுங்கள். ஞாயிறு விடியலை அவருக்கே விடுங்கள். எடுத்த படத்தில் ஒரு மனிதர் இருந்தால், அவர் யாரென்று பெரிதாக்கிப் பாருங்கள்.

மனித சீவியம் சற்று நேரம் தோன்றி மறைகிற ஆவிபோன்றது என்று அர்ச். இயாகப்பர் எச்சரிக்கிறார். சூரியன் ஏறிவிட்டால் பனியும் இல்லை, படமும் இல்லை. அண்ணனும் தம்பியும் என்றைக்கும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கப்போவதில்லை.

கரையில் நின்று எங்களைக் கூப்பிடுகிற ஆண்டவரே, எங்கள் கண்ணின் பனியை நீக்கியருளும். எங்கள் சகோதரன் முகத்தில் உம்முடைய முகத்தைக் கண்டுகொள்ளவும், கண்டவுடன் இராயப்பரைப்போலத் தயங்காமல் தண்ணீரில் இறங்கி வரவும் எங்களுக்கு வரமருளும்.

ஆமென்.