பொருள் தெரியாத மந்திரம்



பொருள் விளங்காமல் ஓதும் தேவாரம் வழிபாடாகுமா? றிச்மண்ட் ஹில் பிள்ளையார் சந்நிதியில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் எமது பிள்ளைகளைப் பார்த்து, "இது கிளிப்பிள்ளைப் பாடம்" என்று பெரியவர்கள் சிலர் கவலைப்படுகின்றனர். நியாயமான கவலைதான். ஆனால் பிள்ளையாரே அந்நிய நாட்டில் குடியேறியவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

மாங்கனிக்காக உலகைச் சுற்றப் புறப்பட்டவர் முருகன். அம்மையப்பரைச் சுற்றிவந்து வீட்டோடு இருந்தவர் பிள்ளையார். அப்படி இருந்தவரும் சீனா வழியாக யப்பான் வரை போய்ச் சேர்ந்தார்! கூக்காய் என்னும் துறவி 806ஆம் ஆண்டு சீனாவிலிருந்து நாடு திரும்பினார். அவர் போன்றோர் கொண்டுவந்த மந்திர மார்க்கப் பௌத்தத்தோடு யானைமுகனும் அங்கு போனார். அங்கே அவர் பெயர் கங்கிதென். இரு யானைமுக உருவங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் கோலம். பெரும்பாலும் மறைத்தே வைத்திருப்பார்கள். தோக்கியோவின் அசக்குசாப் பகுதியிலுள்ள மட்சுச்சியாமா ஆலயத்தில் அவருக்குப் படைப்பது முள்ளங்கி. கியோத்தோவில் பயற்றை இனிப்பாக்கி உள்ளே வைத்து, மாவைப் பைபோலச் சுருக்கி, நல்லெண்ணெயில் பொரித்த பலகாரம் இன்றும் விற்கிறது. எமது மோதகத்தின் வழிவந்தது என்பர். (அவித்த மோதகம் தின்று வளர்ந்தவர்கள் பொறுத்தருள்க.) மந்திரத்தின் முடிவில் வரும் "ஸ்வாஹா" அவர்கள் வாயில் "சோவக்கா" ஆகிவிட்டது. ஓதுவோரில் பெரும்பாலோர் சமஸ்கிருதம் அறியாதவர். ஆயினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அது விடுபடவில்லை.

இதை வெறும் சத்தம் என்று தள்ள எனக்கு மனமில்லை. கணக்கு எழுதுமுன் பிள்ளையார் சுழி போடப் பழகியவன் நான். ஏன் என்று சிறுவயதில் கேட்டதற்கு "சும்மா போடு" என்றார்கள். இந்நாட்டில் அகதி விண்ணப்பப் படிவத்தின் மூலையிலும் என் கை தானாகவே அதைப் போட்டது. அந்த நேரத்தில் வேறு துணை எனக்கு இருக்கவில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முள்ளங்கி எதற்கென்று கேட்டால் மட்சுச்சியாமா ஆலயத்தார் பதில் சொல்வார்கள்: உடல்நலத்துக்கும் தம்பதியர் ஒற்றுமைக்கும். "ஏன் தோப்புக்கரணம்?" என்று எமது பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "கதையாதே, போடு." உச்சரிப்புப் பிழையைவிட இதுவே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அறிவுக்குரிய கடவுளின் சந்நிதியில் நின்றுகொண்டு கேள்வியை அடக்குகிறோம்.

சென்ற மாதம் என் மகள், "அப்பா, எக்செலில் பிள்ளையார் சுழியை எந்தக் கட்டத்தில் போடுவது?" என்று கேட்டாள். முதற் கட்டத்தில் என்றேன். ஏன் என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை ஐயரிடம் கேட்க இருவருமாகப் போகிறோம்.