ராஜாவின் பந்தியில் ஒரு முடவன்



மேவிபோசேத் 5 வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து, இரண்டு காலும் முடமானவன் (2 சாமு. 4:4). தாவீது ஆளனுப்பி அவனை லோதேபாரிலிருந்து வரவழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான். அவன் கால் சுகமானதாக வேதத்தில் இல்லை. பந்தியில் இடமோ நாள்தோறும் இருந்தது.

சுகமளிக்கும் தேவனை நான் விசுவாசிக்கிறேன். கைவைத்து ஜெபிக்கிறேன், இனியும் ஜெபிப்பேன். ஆனால் ஜெபம் முடிந்தபிறகு அந்தப் பிள்ளையோடு யார் உட்காருவது?

ஆசிரியையாக வேண்டுமென்று படிக்கிற நம் சபைத் தங்கச்சி ஒருத்தி, வாரம் 2 நாள் ஒரு சிறப்புப் பள்ளியில் சம்பளமில்லாமல் உதவி செய்கிறாள். போய்ப் பார்த்தேன். ஒரு பையனுக்குச் சட்டைப் பட்டன் போடப் பழக்குகிறாள். பட்டனைத் துளையில் பாதி நுழைப்பதுவரை இவள் வேலை. கடைசி இழுப்பு மட்டும் அவனுக்கு. அது கைவந்தால்தான் அதற்கு முந்தின படி.

"எத்தனை நாளாம்மா இது?"

"மூணு வாரம் பாஸ்டர். நேத்துதான் அவனா இழுத்தான். அவங்க அம்மா அழுதுட்டாங்க."

அல்லேலூயா! (நமக்கு 3 நிமிஷம் பொறுமை இருக்கிறதா?)

ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் சிலர் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். காரணம் நம் வாய்தான். "யார் செஞ்ச பாவமோ" என்ற பேச்சுக்கு ஆண்டவர் யோவான் 9இலேயே பதில் சொல்லிவிட்டாரே!

அந்தத் தாய்மார் ஆராதனையில் வாசலோரமே உட்காருகிறார்கள், பிள்ளை சத்தம் போட்டால் எழுந்து போக வசதியாக. வருகிற ஞாயிறு முன்வரிசையில் அவர்களுக்குப் பாய் விரித்திருக்கும். பக்கத்தில் உட்கார 4 வாலிபர் சனிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.