கலங்கிய நீரும் சினமும்

ஆங்கிலத்தில் ‘ராயில்’ என்றொரு சொல் உண்டு. நீரின் அடியிற் படிந்த வண்டலைக் கிளறி மேலெழச் செய்தல் என்பது அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இடம்பெற்ற அச்சொல், 18ஆம் நூற்றாண்டில் மனிதரை எரிச்சலூட்டுவதற்கும் வழங்கலாயிற்று. பின்னர்ப் பேச்சு வழக்கில் அது ‘ரைல்’ எனத் திரிந்தது. அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஊற்று நீரைக் கலக்குவதற்கும் ஒருவனைச் சினமூட்டுவதற்கும் ‘ரைல்’ என்னும் அந்த ஒரே சொல்லை 19ஆம் நூற்றாண்டில் ஆண்டனர். இன்று நீரும் ஊர்க்குழப்பமும் ‘ராயில்’ பக்கமும், சினம் ‘ரைல்’ பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. பாகம் பிரித்துக்கொண்ட பின்னும் உறவு அறவில்லை.

இலத்தீன் மொழியில் ‘டர்பா’ என்றால் ஆரவாரம், திரண்ட கூட்டம். அவ்வேரிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த குடும்பம் பெரிது. கலங்கிய நீரைக் குறிக்கும் ‘டர்பிட்’, கொந்தளிப்பைக் குறிக்கும் ‘டர்புலன்ட்’, இடையூறு செய்தலைக் குறிக்கும் ‘டிஸ்டர்ப்’, நம் மாணவர் நாள்தோறும் சொல்லும் ‘டிரபிள்’ ஆகிய யாவும் அவ்வழிப் பிறந்தவையே. மனக்குழப்பத்தைக் குறிக்கும் ‘மடில்’ என்பதற்குள்ளும் சேறு இருக்கிறது.

நம் மொழியிலும் நீரின் நிலையும் நெஞ்சின் நிலையும் ஒரே வினையால் உணர்த்தப்படுகின்றன. குளம் கலங்குகிறது, மனமும் கலங்குகிறது. பழந்தமிழில் ‘கலுழ்தல்’ என்பது நீர் கலங்குதலையும் அழுதலையும் ஒருங்கே குறித்தது. ஆனால் ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கலங்கிய நீர் என்னும் அதே உவமை ஆங்கிலேயனைச் சினத்திடம் கொண்டுபோய் விட்டது. தமிழனைக் கண்ணீரிடம் கொண்டுவந்து சேர்த்தது. ‘கண் கலங்கினான்’ என்றால் அவன் சினந்தான் என்று எவரும் கொள்ளார். சினத்திற்கு நாம் பெரிதும் தீயையும் கொதிநீரையுமே நாடுகிறோம். நெஞ்சு கொதிக்கிறது, உள்ளம் குமுறுகிறது, வயிறு எரிகிறது என்கிறோம். வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தில் சினத்தைச் சுற்றத்தையும் சேர்த்து எரிக்கும் நெருப்பாகவே காண்கிறார். கடலின் கொந்தளிப்பைச் சினத்திற்கு நாம் சொல்வதுண்டேயெனின், அது அலையைச் சொல்கிறதேயன்றி அடிச்சேற்றைச் சொல்லவில்லை.

உவமை மாறினால் கேள்வியும் மாறுகிறது. சினம் தீயெனின், அணைப்பது எப்படி என்பதே கேள்வி. சினம் கலங்கிய நீரெனின், கலக்கியவர் யார், கலங்கும்படி அடியில் கிடந்தது என்ன என்று இரண்டு கேள்விகள் எழுகின்றன. அறநோக்கில் இரண்டாம் உவமையே ஆழமானது என்பது என் கருத்து.

‘நீதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கினாய்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதிலுள்ள குறை உடனே புலப்படும். ‘கலக்கினான்’ என்பது பிறவினை. ‘கலங்கியது’ என்பது தன்வினை. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைத்துவிடுகிறோம். சேறில்லாத நீரை எவ்வளவு கிளறினாலும் அது சுழலுமேயன்றிக் கலங்காது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் சிரிக்கிறான். நேற்று அதே சிரிப்பைக் கண்டும் காணாததுபோல் இருந்த ஆசிரியர் இன்று பிரம்பைத் தேடுகிறார். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் தலைமையாசிரியர் சொன்ன ஒரு சுடுசொல் அடியில் போய்ப் படிந்திருக்கலாம். கையால் கலக்கியவன் மாணவன். ஆயினும் மேலே வந்த சேறு அவனுடையதன்று. தண்டனையோ அவனுக்கு.

உரோமானிய அறிஞர் செனெக்கா சினத்தைப் பற்றியே மூன்று பகுதிகள் கொண்ட நூலொன்று யாத்தார். சினத்திற்குச் சிறந்த மருந்து காலந்தாழ்த்தல் என்பது அவர் துணிபு. கலங்கிய நீரை அசைக்காமல் வைத்தால் தெளியும் என்பதே இதுவும். பிரம்பைத் தேடும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல அறிவுரை இல்லை. ஆனால் எல்லார்க்கும் இதையே சொல்லிவிடலாமா?

நம் நாட்டு ஆறுகளைப் பார்த்தவர்கள் சற்றுத் தயங்குவார்கள். கோலாலம்பூர் என்ற பெயரிலேயே சேறு உண்டு. அது நிற்க. சிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்த கோலகுபு நகரின் கதை இன்னும் கருதத்தக்கது. ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் தோண்டியவர்கள் கழுவி விட்ட வண்டல் ஆண்டுக்காண்டு இறங்கி வந்து ஆற்றுப்படுகையை உயர்த்தியது. வெள்ளமும் சேறும் ஊருக்குள் புகுந்தன. குடியிருக்க இயலாத நிலையில் 1930ஆம் ஆண்டளவில் மக்கள் கோலகுபு பாருவுக்கு இடம்பெயர்ந்தனர். அந்த ஆறு கலங்கியதற்கு ஆற்றைக் குறை கூறுவாருண்டோ? அசையாதிரு, தெளிந்துவிடுவாய் என்று அதனிடம் சொல்வதில் என்ன பொருள்?

மனிதரிலும் இத்தகையோர் உண்டு. பல்லாண்டு கூலி குறைக்கப்பட்டவனும், தன் குழந்தையின் முன்னே இழித்துப் பேசப்பட்டவனும் தம் நெஞ்சில் வைத்திருக்கும் வண்டல் அவர்களே விளைத்ததன்று. மேலிருந்து பிறர் கொண்டுவந்து கொட்டியது. அவர்களிடம் பொறுமையைப் போதிப்பவர், கொட்டுபவரிடம் ஒரு சொல்லும் சொல்லாராயின், அப்போதனை அறமாகாது. அரிஸ்டாட்டில் இதனை உணர்ந்தவர். தக்க காரணத்திற்காக, தக்கவர்மீது, தக்க அளவில், தக்க காலத்தில் சினப்பவன் புகழத்தக்கவன் என்றார். தக்க அளவு என்பதுதான் இதில் எளிதாகக் கிட்டாத ஒன்று. போதாக்குறைக்குக் குழம்பிய குட்டையில் மீன்பிடிக்க வருவோரும் உளர். ஆங்கிலத்திலும் மலாயிலும் ஏறத்தாழ இதே பழமொழி வழங்குவதை நோக்கின், அத்தொழில் எம்மொழியார்க்கும் பொது என்றே தோன்றுகிறது.

ஆங்கிலத்தின் சினச்சொற்களில் ஒன்று நம் நாட்டிலிருந்தே சென்றது. மலாய்மொழியின் ‘அமோக்’, போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவிற்குப் போய் ஆங்கிலத்திலும் குடியேறிற்று. வெறிகொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டுதல் என அங்கே பொருள் குறுகியது. இது நோயா, குற்றமா என்று நீரிணைக் குடியேற்றங்களில் 19ஆம் நூற்றாண்டு நீதிபதிகளும் மருத்துவர்களும் வாதிட்டனர். மலாய் இலக்கியமோ இதைவிடக் கடினமான ஒரு வழக்கை நம்முன் வைக்கிறது.

ஹிக்காயாட் ஹங் துவாவில், பழிச்சொல்லை நம்பிய சுல்தான் குற்றமற்ற துவாவுக்கு மரண தண்டனை விதிக்கிறார். பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். நண்பன் இறந்தான் என்றே எண்ணிய ஹங் ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றி அரசனை எதிர்க்கிறான். ஜெபாட்டை வெறும் துரோகியாகக் கண்ட காலம் போய், அவனையே வீரனாகக் காட்டும் நாடகங்கள் இந்நாட்டில் எழுந்தன. ஹுசேன் ஹனிப்பின் ‘ஹங் ஜெபாட்’ திரைப்படம் 1961இல் வெளிவந்தது. அவன் சினத்திற்குக் காரணம் தக்கதே என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும் கதை அங்கே முடியவில்லை. துவாவின் கையால் படுகாயமுற்ற ஜெபாட், புண்ணைக் கட்டிக்கொண்டு மலாக்காத் தெருக்களில் இறங்கிக் கண்ணிற்பட்டோரையெல்லாம் கொல்கிறான். அவர்கள் துவாவுக்குத் தண்டனை விதித்தவர்கள் அல்லர். நியாயமான சினமும் கலங்கியபின் யார் எவர் என்று காணும் திறனை இழந்துவிட்டது. ஜெபாட்டைப் புகழ்பவர்கள் அத்தெருக்களை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அவனை இகழ்பவர்களோ அரசனின் தீர்ப்பை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

தமிழில் ‘தேறு’ என்றால் தெளிதல்; ‘தேற்று’ என்றால் தெளிவித்தல், ஆறுதல் கூறல். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீர் ஊற்றுவார்கள். அதிலிருந்து கரையும் பொருள் மிதக்கும் துகள்களைத் திரட்டி அடியிற் படியச் செய்யும். ‘தேறு’ தன்வினை, ‘தேற்று’ பிறவினை. கலக்குவதற்கு ஒருவர் வேண்டியிருப்பதுபோலத் தேற்றுவதற்கும் ஒருவர் வேண்டும் என்பதை நம் மொழி முன்னமே கண்டிருக்கிறது. அரண்மனைக்கு வந்த துவாவைக் கண்டதும் ஜெபாட், இறந்தவன் உயிரோடு நிற்பதைக் கண்டு திகைத்தான். அவனைத் தேற்றக்கூடிய ஒரே மனிதன் வந்திருந்தான். ஆனால் அரசனின் ஆணையோடு வந்திருந்தான்.