நோயாளியின் பெயர் யாருக்குரியது?

தொற்றுநோய்க் காலத்தில் ஒருவர் யாரையெல்லாம் சந்தித்தார் என்பதை அறியும் உரிமை சமூகத்துக்கு உண்டா? 2020ஆம் ஆண்டில் இவ்வினா யாழ்ப்பாணத்தவருக்கும் உரியதாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் அரியாலையில் நடைபெற்ற ஆராதனையிற் பங்குகொண்ட போதகருக்குக் கொரோனாத் தொற்று இருந்தமை, அவர் சுவிற்சர்லாந்து திரும்பிய பின்னரே தெரியவந்தது. ஆராதனைக்கு வந்தோர் தேடப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். அத்தேடல் இன்றியமையாதது. ஆயின் வினவப்படுவோர் உண்மை சொன்னாலன்றித் தேடல் பயன்தராது. சொன்னது வேறெதற்கும் பயன்படாது என நம்பினாலன்றி எவரும் உண்மை சொல்லார். ஆகவே அந்தரங்கம் பொதுநலத்தின் பகையன்று. அதற்கு அடிப்படை எனலாம்.

இதனை உணர்ந்தோர் புதியதொரு முறையை வகுத்தனர். 2020இல் அப்பிள், கூகிள் நிறுவனங்கள் வெளியிட்ட ஏற்பாட்டில், அருகருகே இருந்த கைத்தொலைபேசிகள் அடிக்கடி மாறும் எண்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டன. நோயுற்றவர் இசைந்தால் அவரது எண்கள் மட்டும் வெளியிடப்பட்டன. ஒவ்வொரு தொலைபேசியும் அவற்றைத் தன்னுள்ளேயே ஒப்பிட்டு உரியவரை எச்சரித்தது. பெயரோ இடமோ வேண்டப்படவில்லை.

சிங்கப்பூரின் 'டிரேஸ்டுகெதர்' வேறு வழியிற் சென்றது. நோயுற்றவரின் பதிவுகளைச் சுகாதார அமைச்சு பெற்றுப் பிறரை அடையாளங்கண்டது. நோய்த்தொடர்பை அறியவே பயன்படும் எனப்பட்ட அத்தரவுகளைக் குற்ற விசாரணைக்குப் பொலிசாரும் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளியாயிற்று. மறுமாதம் ஏழுவகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டுமே எனச் சட்டம் வரையறுத்தது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதும் நன்மையன்றோ எனலாம். நன்மையே, ஆயின் ஒரு நன்மைக்கெனப் பெற்ற நம்பிக்கையை மற்றொன்றுக்குச் செலவிடுவோர், அடுத்த நோயின்போது அதனை மீளப் பெறுவது அரிது.

எனினும் நுட்பம் மட்டும் போதுமா? வேலணைத் தீவின் சாட்டி போன்ற சிற்றூரை எண்ணுவோம். நகரில் நாள்தோறும் நூறுபேரைக் கடப்பவருக்கு 'நோயாளி ஒருவரின் அருகில் இருந்தீர்' என்ற எச்சரிக்கை எவரையும் காட்டிக்கொடாது. கடற்கரையில் இருவரோடு மட்டும் பேசியவருக்கோ, அது பெயரையே சொல்லிவிடும். ஊர் சிறுக்க, எண்கள் தரும் மறைப்பும் சிறுக்கும். இலங்கையில் 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படலையடிப் பேச்சைத் தடுக்காது. அங்கு நோயாளியைக் காப்பது அயலவரின் நாவடக்கமே. வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததன் பொருள் இங்கு விளங்குகின்றது.

தீவகத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். கிணறு மீளத் தேற மழைக்காலங்கள் வேண்டும். நோயுற்றவர் நம்மீது வைக்கும் நம்பிக்கையும் அத்தகையதே.