விதைக் காணிக்கையும் வேதத் தராசும்



பிரசங்கித்தவர் பவுல். ஆனாலும் பெரோயா பட்டணத்தார் கேட்டவுடனே தலையாட்டிவிடவில்லை. தினந்தோறும் வேதத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (அப். 17:11). வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, மெச்சுகிறது. ஆகவே ஒரு உபதேசத்தைச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. இந்த மாதம் "விதைக் காணிக்கை"யை அந்தத் தராசில் வைப்போம்.

"ஆயிரம் ரூபாய் விதையுங்க, கர்த்தர் நூறு மடங்கு தருவார். கடன் தீரும், வியாதி போகும்" என்று மேடையிலும் டிவியிலும் கேட்கிறோம். இந்தப் போதகத்தை உலகமெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ். 1970-ல் விதை விசுவாசத்தைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். 1987 ஜனவரியில், மார்ச் முடிவதற்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று டிவியில் சொன்னார். பணம் வந்தது. ஆனால் 1981-ல் அவர் திறந்த பெரிய ஆஸ்பத்திரி 1989-ல் மூடப்பட்டது. அவரை நியாயந்தீர்ப்பது நம்ம வேலை இல்லை. உபதேசத்தை நிதானிப்பது நம்ம கடமை.

"பாஸ்டர், விதைப்பு அறுப்பைப் பற்றிப் பவுலே எழுதியிருக்கிறாரே?" என்பீர்கள். ஆமா, 2 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது. ஆனா 8-ம் அதிகாரத்திலிருந்து சேர்த்துப் படிங்க. அந்தக் காணிக்கை எருசலேமில் குறைச்சல்பட்ட பரிசுத்தவான்களுக்குப் போனது. பவுல் தனக்கென்று எடுக்கவில்லை. ஒருவரும் குறை சொல்லாதபடிக்கு வேறு சகோதரரையும் கூட அனுப்பினார் (8:18-21). கொடுத்த மக்கெதோனியர் கொடிய தரித்திரத்தில் இருந்தார்கள். நூறு மடங்கு கிடைக்கும் என்று அவர்கள் கொடுக்கவில்லை, கிருபை பெற்றதினால் கொடுத்தார்கள்.

நூறு மடங்கு என்று இயேசு சொன்னது உண்மைதான் (மாற். 10:29-30). ஆனா அதே வசனத்தில் துன்பங்களும் இருக்கு. அதை ஏன் யாரும் மேடையில் வாசிக்கிறதில்லை? எல்லாவற்றையும் விட்டு வந்த பேதுரு அலங்கார வாசலண்டையில் தன்னிடத்தில் வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை என்றார் (அப். 3:6). அவருக்கு விசுவாசம் பத்தலையா?

இங்கேதான் மனசாட்சியின் கேள்வி வருகிறது. கம்மலை அடகு வைத்துக் காணிக்கை கொண்டுவருகிற ஒரு சகோதரியை யோசித்துப் பாருங்க. பிள்ளைக்குச் சுகம் கிடைக்கவில்லை என்றால், "உனக்கு விசுவாசம் இல்லம்மா" என்கிறார்கள். வாக்குக் கொடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவளுக்கோ கம்மலும் போச்சு, சமாதானமும் போச்சு. பவுல் மூன்றுதரம் ஜெபித்தும் முள் நீங்கவில்லை, கர்த்தர் அவரைக் குற்றப்படுத்தாமல் கிருபையைக் கொடுத்தார் (2 கொரி. 12:8-9). கர்த்தர் சொல்லாததை அவர் பேரில் சொல்லுகிறவர்களுக்கு அவரே விரோதமாய் நிற்கிறார் (எரே. 23:31). ஜனங்களுக்கு நன்மையாய்த்தானே சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

மல்கியா 3:10-ஐ நாம் கிழித்துப்போட முடியாது. கர்த்தர் ஆசீர்வதிக்கிறவர்தான். ஆனா தசமபாகத்தில் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பங்கு உண்டு என்று உபாகமம் 14:29 சொல்லுகிறது. வாங்கவேண்டிய விதவையிடமே ஆசை காட்டி வாங்கினால் அது தலைகீழ் அல்லவா? விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை எச்சரித்த கையோடுதான் இயேசு, இரண்டு காசு போட்ட விதவையைக் கவனித்தார் (லூக். 20:47-21:4). அவளை மெச்சினார், அவளுக்கு நூறு மடங்கு வரும் என்று அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தேவபிள்ளைகளே, இதைப் படித்துவிட்டுக் கையை மூடிக்கொள்ளாதீங்க! உற்சாகமாய்க் கொடுங்க, ஆனா பேரம் பேசாதீங்க. வசனத்தை முன்னும் பின்னும் படிங்க. கணக்குக் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் ஜாக்கிரதையாயிருங்க. என் பிரசங்கத்தையும் அதே தராசில் வையுங்க. அடகு வைத்துக் காணிக்கை கொண்டுவருகிற சகோதரியை நம்ம சபையில் கண்டால், அந்தக் கவரை வாங்காமல், அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று முதலில் விசாரிப்போம்.

நமக்காகத் தரித்திரரான இயேசுவை (2 கொரி. 8:9) வியாபாரப் பொருளாக்காதபடி கர்த்தர் நம்மைக் காப்பாராக. ஆமென். மாரநாதா!