கல்மரமும் ஐப்பசிச் சோறும்

லினக்ஸ் சர்வரில் ‘ஸ்டாடிக் ரூட்’ என்றொன்று உண்டு. இன்ன நெட்வொர்க்குக்குச் செல்லும் தகவல் இன்ன கேட்வே வழியாகப் போகட்டும் என்று நிர்வாகி தன் கையால் வகுக்கும் பாதை அது. பெயர்தான் நிலையான பாதை. ‘ஐபி ரூட் ஆட்’ என்ற கமாண்டால் சேர்த்தால் கெர்னலின் நினைவகத்தில் மட்டும் நிற்கும். ரீபூட் செய்ததும் சுவடில்லாமல் போய்விடும். மீண்டும் வேண்டுமென்றால் உபுண்டுவில் நெட்பிளான் கோப்பிலோ, ரெட் ஹாட் வகைகளில் நெட்வொர்க் மேனேஜரிலோ எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தாலும் பழைய பாதை திரும்பி வருவதில்லை. சர்வர் எழும்போதெல்லாம் ஒரு நிரல் அக்கோப்பை வாசித்துப் பாதையைப் புதிதாக இடுகிறது. நிலைபேறு என்றால் அழியாதிருத்தல் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அழிந்த பிறகும் எழுதியதை எடுத்து வாசிக்க ஒருவர் இருப்பதுதான் நிலைபேறு என்பதே இங்கே தெரியவரும் உண்மை.

பெரம்பலூர், அரியலூர் மண்ணில் இதற்கு இருபக்கச் சான்றும் கிடைக்கிறது. சாத்தனூர்க் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு மூத்தது. மரம் போன இடத்தில் கனிமம் குடியேறி வடிவத்தைக் காத்துவிட்டது. ஆனால் அதில் ஓர் இலை துளிர்க்காது. கங்கைகொண்ட சோழபுரத்தின் கதை வேறு. முதலாம் ராசேந்திரன் எழுப்பிய தலைநகர் சுமார் 250 ஆண்டுகளில் ஓய்ந்து, அரண்மனை மாளிகைமேடாகிவிட்டது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கட்டும் என்றுதான் சோழர் கொடைகளைக் கல்லில் வெட்டினார்கள். ஆனால் 1836இல் கீழணை கட்ட, ராசேந்திரன் அங்கே எழுப்பிய சிவன் கோயிலின் மதில் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கல்லும் அழியக்கூடிய நினைவகமே. இதைச் சோழரும் அறிந்திருந்தார்கள் போலும்: ராசேந்திரன் அளித்த கொடைகளை அவன் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே மறுபடி பதிவு செய்கிறது.

சைவ சித்தாந்தம் இதே கேள்வியை உலகம் முழுவதற்கும் வைத்துக் கேட்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் செய்த சிவஞானபோதம், ஒடுங்கிய உலகம் ஏன் மீளத் தோன்றுகிறது என்பதில்தான் தொடங்குகிறது. உயிர்களைப் பற்றிய அழுக்காகிய மலம் தீராததால் தோன்றுகிறது என்பது விடை. அம்மலங்களுள் ஒன்றான வினை ஒடுக்கத்திலும் அழியாமல் நுண்ணிலையில் கிடக்கும். ஆனால் அது சடம், செய்தவனைத் தானே தேடிச் சேராது, அறிந்து கூட்டுவிக்க இறைவன் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்திகளின் வாதம். கோப்பும் அப்படித்தான்: வட்டில் பத்திரமாகக் கிடந்தாலும் வாசிக்கப்படாதவரை ஒரு பாதையையும் திறக்காது.

வாசிப்பது அறிவற்ற நிரல்தானே, இதனால் இறைவன் எப்படி நிறுவப்படுவான் என்று கேட்கலாம். நிறுவப்படமாட்டான். பதிவு மட்டும் போதாது என்பதுவரைதான் இந்த உவமை வரும். அதற்கப்பால் நம்புகிறவர் வேறு சான்று காட்ட வேண்டும். ரீபூட்டுக்குப் பின் வருவது வேறு பாதை, ‘அதே பாதை’ என்பது வெறும் வழக்கு என்று, எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் கணபங்கம் பேசும் பௌத்தர் சொல்வார். அதில் பாதி உண்மை. நினைவகத்தில் இருப்பது புதியதுதான். ஆனால் அது செய்யும் வேலையும் அதை வகுத்த நோக்கமும் பழையவை. தொடர்ச்சியைப் பொருளில் தேடினால் கிடைக்காது, நோக்கத்தில் கிடைக்கும். இன்னொரு மறுப்பு இவற்றைவிடக் கனமானது: எழுதிவைத்தால் பிழையும் நிலைத்துவிடுமே? ஆம், தவறான பாதை ஒவ்வொரு ரீபூட்டிலும் திரும்ப வரும். அதனால்தான் ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கமாண்ட், நிர்வாகி உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் மாற்றத்தைத் தானே விலக்கிக்கொள்கிறது. அழித்தலை உயிர்களுக்கான இளைப்பாற்றலாகச் சித்தாந்தம் கொண்டதன் பொருள் இங்கே விளங்கும். எல்லாமே தங்கிவிட்டால் திருத்தத்துக்கு இடமிராது.

ஆகவே ஒன்றைக் காக்க நினைப்பவர், இதை அழியாததாக்குவது எப்படி என்று கேட்பதை விட்டு, அடுத்த தொடக்கத்தில் இதை யார் வாசிப்பார் என்று கேட்கட்டும். கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய லிங்கத்துக்கு ஐப்பசிப் பௌர்ணமியன்று சாத்தும் அன்னம் மறுநாளுக்கு நிற்பதில்லை. அடுத்த ஐப்பசிக்குப் புதிதாக உலை வைக்கிறார்கள்.