எலும்புகள் சொல்லும் சாட்சியம்

மிஸ்ரின் பிரமிடுகளைக் கட்டியோர் எதை உண்டு அக்கற்களை இழுத்தனர்? முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கு 1,600 தாலந்து வெள்ளி செலவாயிற்று என்று எழுதினார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பிரமிடு எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றபின், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துச் சொன்னதை நம்பி அவர் எழுதியது அது.

மண்ணுக்குள் இருந்ததோ வேறு. 1988 முதல் மார்க் லேனர் கீஸாவில் அகழ்ந்த தொழிலாளர் குடியிருப்பில் மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர் ரிச்சர்டு ரெட்டிங். பல் முளைத்த நிலையும் எலும்பின் முனை பொருந்திய நிலையும் பிராணியின் வயதைக் காட்டிவிடும். அங்கு அறுக்கப்பட்ட மாடுகளுள் மிகுந்தவை இளங்காளைகள். ஈனவும் கறக்கவும் வேண்டிய பசுவை நிறுத்திக்கொண்டு காளையைக் கொடுத்தனுப்புவது, தொழுவம் வைத்திருக்கும் எவரும் அறிந்த கணக்கே.

அனுப்பியோர் யாவர்? நைல் கழிமுகத்தின் மேற்கே கோம் எல்-ஹிஸ்ன் என்னும் பழைய ஊர் 1980களில் அகழப்பட்டது. அடுப்பெரித்த மாட்டுச் சாணத்தின் எச்சம் அங்கு ஏராளம், மாட்டெலும்போ அரிது. கிடைத்த சிலவும் இளங்கன்றுகளும் கிழமாடுகளுமே. ஆனால் பன்றியெலும்பு மலிந்திருந்தது. நமக்கு விலக்கப்பட்ட பிராணியாயினும் அதன் சாட்சியத்தைத் தள்ளுவதற்கில்லை. பன்றியை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வது கடினம். ஆகவே அது வளர்த்தவனுக்கே மிஞ்சியது. மாடோ தலைநகருக்குப் போயிற்று என்பது ரெட்டிங்கின் முடிவு.

இதனை அநீதி என்று உடனே தீர்ப்பளித்துவிடலாமா? கல் இழுத்தவனுக்கு இறைச்சி கிடைத்தது என்பதும் இவ்வெலும்புகளே சொல்லும் செய்தியன்றோ! சவுக்கடி பட்ட அடிமைகளே பிரமிடு கட்டினர் என்றும், அது மூஸா நபி (அலை) காலத்துப் பிர்அவ்னின் வேலை என்றும், காலம் பல நூற்றாண்டு வேறுபடுவதைக் கருதாமல் நாமும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது நம் பிழை. எனினும் மாடு மனமுவந்து தரப்பட்டதா, பறிக்கப்பட்டதா என்பதை எலும்பு உரைக்காது. பிரமிடுக் காலத்துக்குச் சற்றுப் பிந்திய மெரெருக்காவின் கல்லறைச் சுவரிலோ, வரி செலுத்தாத ஊர்த்தலைவர்களை அடிக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நம் மனம் அமைதி கொள்ளவில்லை.

சென்ற முறை இப்பாடம் வந்தபோது முள்ளங்கியோடு மாட்டெலும்பையும் சேர்த்துச் சொன்னோம். "ஹஜ்ரத், மாடு மேய்த்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது?" என்று ஒரு மாணவன் வினவினான். பால் கிடைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னோம்.